ஓடம் எத்தனை பேரைத் தாங்கும்?

மிதத்தல் விதியை நடத்தி முடித்ததும் மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஆற்றங்கரையில் ஒரு மர ஓடம் நிற்கிறது. கரையில் 50 பேர் காத்திருக்கிறார்கள். எத்தனை பேரை ஏற்றலாம்?" மாணவர்கள் உடனே ஓடத்தின் நீள அகலங்களைக் கேட்பார்கள். ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழைத்து ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். கூட்டல், பெருக்கலில் பிழை இராது. ஆயினும் அத்தனை பேரை ஏற்றினால் அந்த ஓடம் அக்கரை சேராது.

பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஓடக்காரர் இதே கேள்விக்குச் சரியான விடை சொல்லுவார். அவர் எதையும் பெருக்குவதில்லை. விளிம்பை ஒரு முறை பார்ப்பார். "போதும்" என்று கையை உயர்த்துவார். அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ள அறிவியல் என்ன? அச்சொல்லைக் கேட்காமற்போனதால் நேர்ந்தது என்ன? ஓடத்தின் வரலாற்றினூடே இவ்விரண்டையும் காண்போம்.

நீரால் சூழப்பட்ட ஊர்

அண்ணாமலை நகரிலிருந்து எத்திசையில் சென்றாலும் நீரைச் சந்திக்காமல் நெடுந்தூரம் போக முடியாது. வடக்கே வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம் ஓடுகிறது. கிழக்கே பிச்சாவரத்தின் கழிகள். இன்னும் வடக்கே கடலூரை நெருங்கினால் உப்பனாறு, கெடிலம், பெண்ணையாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகள். இன்று பேருந்திலும் புகைவண்டியிலும் செல்லும் நமக்கு இவை பாலத்தின் கீழே தெரியும் மணற்பரப்புகள், அவ்வளவே. பாலங்கள் இல்லாத காலத்தில் ஒவ்வோர் ஆறும் ஒரு வேலியாக இருந்தது. அந்த வேலியில் வாயில்களாக இருந்தவை ஓடத்துறைகள்.

இவற்றுள் பெரிய வேலி கொள்ளிடம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் இவ்வாறு, காவிரியின் வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகாலாகும். ஆண்டின் பல மாதங்கள் மணலில் நடந்தே கடக்கலாம். வெள்ளம் வந்துவிட்டாலோ ஓடமின்றி ஓரடி வைக்க இயலாது. தெற்கேயிருந்து தில்லைக்கு ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் காணப் புறப்பட்ட அடியார்கள் இந்த ஆற்றைக் கடந்தே வரவேண்டியிருந்தது.

ஊர்ப்பெயர்களிலும் இந்த வரலாறு பதிந்துள்ளது. சிதம்பரத்தை அடுத்துக் கொள்ளிடக்கரையில் ஜெயங்கொண்டபட்டினம் உள்ளது. அதற்கு எதிரே நீருக்கு அப்பால் உள்ள ஊரின் பெயர் அக்கரை ஜெயங்கொண்டபட்டினம். ஓர் ஊரை 'அக்கரை' என்று அழைக்க வேண்டுமானால், இக்கரையில் நின்று அதைப் பார்த்து, அங்கே போய்வரும் மக்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

கட்டையிலிருந்து ஓடத்திற்கு

மனிதன் நீரைக் கடக்கப் பயன்படுத்திய முதற் கருவி மிதந்துவந்த மரக்கட்டையாகத்தான் இருக்க வேண்டும். ஒற்றைக் கட்டை உருளும்; ஏறியவனைத் தள்ளிவிடும். இரண்டு மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் உருளாது. இதுவே தெப்பம், கடலில் இதன் உறவினர் கட்டுமரம். கட்டையின் நடுவைக் குடைந்தால் தோணி. மூங்கிற் கூடைக்குத் தோல் போர்த்தினால் பரிசல். பலகைகளை இணைத்துச் செய்தால் ஓடம், படகு. ஒவ்வொன்றும் அந்தந்த நீருக்கு ஏற்ப வளர்ந்தது. பாறைகள் நிறைந்த ஒகேனக்கலில் பரிசல் இன்றும் செல்கிறது. முட்டினால் வளைந்துகொடுக்கும் தன்மை அதற்கு உண்டு. மணற்பாங்கான கொள்ளிடம் போன்ற ஆறுகளுக்குத் தட்டையான அடிப்பாகமுள்ள ஓடமே ஏற்றது. ஆழம் குறைந்த இடத்திலும் அது தரை தட்டாது.

சங்க நூல்களில் அம்பி, பஃறி, தோணி, மிதவை, புணை எனப் பல பெயர்கள் காணப்படுகின்றன. சிலப்பதிகாரத்தில் வையைத் துறையொன்று வருகிறது. குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் கொண்ட அம்பிகள் அங்கே மக்களை ஏற்றிச் செல்கின்றன. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் அந்தப் பெருந்துறையை விடுத்து, ஒரு மரப்புணையில் ஏறி மதுரைக் கரையை அடைகிறார்கள். இதிலிருந்து ஒரு செய்தி விளங்குகிறது. அக்காலத்திலேயே அலங்கரித்த பெரிய ஓடங்கள் செல்லும் பொதுத்துறையும், எளியவர் புணையில் கடக்கும் சிறுதுறையும் தனித்தனியே இருந்தன.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடற்பயண நூல்' நம் கிழக்குக் கரையின் துறைமுகங்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்றான 'பொதுக்கே' புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேடு என்பது பலர் கருத்து. ஒற்றை மரத்தாலான கலங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்னும் பெரிய கலங்கள் இக்கரையில் இருந்தன என்று அந்நூல் கூறுகிறது. இரண்டு தோணிகளை இணைத்து மேலே தளம் அமைத்த ஓடத்திற்குத் தமிழில் 'சங்கடம்' என்று ஒரு பெயர் உண்டு. இரண்டும் ஒரே சொல்லின் வடிவங்களாகலாம் என்று அறிஞர் சிலர் கருதுவர். வண்டியையும் மாட்டையும் ஆறு கடத்த இரட்டை ஓடமே உகந்தது. அதற்கான காரணத்தைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

ஓடம் கட்டிய கைகள்

மர ஓடம் கட்டுவதற்குத் தேக்கு, புன்னை, இலுப்பை போன்ற மரங்கள் பயன்பட்டன. மேற்குக் கரையில் ஆயினி மரம் பெயர்பெற்றது. பலகைகளை எவ்வளவு நெருக்கமாக இணைத்தாலும் இடைவெளியில் நீர் கசியும். எனவே பஞ்சையோ தென்னை நாரையோ திரியாக்கி இடுக்குகளில் அடைத்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினார்கள். நம் கடற்கரையில் ஓடிய மசூலாப் படகுகளுக்கு ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். அலை மோதும்போது ஆணியடித்த பலகை பிளக்கும். தைத்த பலகை நெகிழ்ந்துகொடுக்கும்.

மரம் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஓடக்காரருக்கு இது பகையும் ஆகும், நட்பும் ஆகும். வெயிலில் நெடுநாள் கிடந்த ஓடத்தை ஆற்றில் இறக்கினால் முதல் நாள் எங்கும் கசியும். இரண்டொரு நாளில் பலகைகள் உப்பி, இடுக்குகள் தாமே இறுகிவிடும். இதனால்தான் வேலையில்லாத காலத்தில் ஓடத்தை நீரிலேயே அமிழ்த்தி வைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. ஓடத்தைக் காப்பாற்ற ஓடத்தை மூழ்கடிப்பது என்பது விந்தையாகத் தோன்றலாம். காரணம் தெரிந்தால் விந்தை இல்லை.

ஆற்றைக் கடக்கும் கணக்கு

திசைவேகங்களைக் கூட்டும் பாடத்தில் ஆற்றைக் கடக்கும் படகின் கணக்கு தவறாமல் இடம்பெறும். அதை நம் ஓடத்திற்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அகலம் 300 மீட்டர். ஓடக்காரர் அக்கரையை நேர் நோக்கித் தள்ளினால் ஓடம் வினாடிக்கு 0.75 மீட்டர் செல்லும். கடக்க 400 வினாடி ஆகிறது. அந்த 400 வினாடியில் ஆறு ஓடத்தை 400 மீட்டர் கீழே இழுத்துச் சென்றிருக்கும். ஓடத்தின் வேகம் ஆற்றின் வேகத்தைவிடக் குறைவு. ஆதலால் எவ்வளவு சாய்த்துச் செலுத்தினாலும் நேர் எதிரே போய்ச் சேர முடியாது.

ஓடக்காரர் என்ன செய்வார்? முதலில் ஓடத்தைக் கரையோரமாக மேல்நோக்கிக் கழியூன்றிக் கொண்டுபோவார். கரையருகே தரையின் உராய்வினால் நீரோட்டம் மெதுவாக இருக்கும் என்பதை அவர் அறிவார். வேண்டிய தூரம் மேலே சென்றபின் குறுக்கே தள்ளுவார். மீதியை ஆறு பார்த்துக்கொள்ளும். ஓடம் சரியாக எதிர்த்துறையில் போய் நிற்கும். நாம் தாளில் வரையும் முக்கோணத்தை அவர் ஆற்றின்மேல் வரைகிறார்.

ஆற்றின் விசையை வெல்லக் கயிறும் உதவும். இதற்குக் கொள்ளிடத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1749ஆம் ஆண்டு, கொள்ளிட முகத்துவாரத்திலிருந்த தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். படைத்தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். இளைஞரான கிளைவும் உடனிருந்தார். ஆற்றைக் கடந்தாலன்றிக் கோட்டையைத் தாக்க வழியில்லை. ஜான் மூர் என்னும் கப்பல் தச்சர் 400 பேர் ஏறக்கூடிய மிதவை ஒன்றைக் கட்டினார். இரவில் நீந்திச் சென்று எதிர்க்கரை மரத்தின் வேரில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தார். அந்தக் கயிற்றின் துணையால் மிதவை இழுத்துச் செல்லப்பட்டது. படை அக்கரையில் இறங்கிற்று. அந்தத் தச்சருக்கு நீரோட்டத்தின் வேகமும் தெரிந்திருந்தது. மிதவையின் அகலம் தரும் உறுதியும் தெரிந்திருந்தது.

எத்தனை பேர்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். கணக்கு எளிதாக அமையப் பெட்டி வடிவமுள்ள ஓர் ஓடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 5 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், பக்கப் பலகையின் உயரம் 45 செ.மீ. ஓடத்தின் நிறை 450 கிலோகிராம். ஓர் ஆளின் நிறை 60 கிலோகிராம் என்று கொள்வோம்.

மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை வெளியேற்றும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. ஓடத்தின் அடிப்பரப்பு 7.5 சதுர மீட்டர். எனவே வெற்று ஓடம் நீரில் 6 செ.மீ. அமிழும். ஒவ்வோர் ஆள் ஏறும்போதும் அது மேலும் 8 மி.மீ. அமிழும். விளிம்பு வரை மிஞ்சியிருப்பது 39 செ.மீ. இதை 8 மி.மீட்டரால் வகுத்தால் 48 பேர். மாணவர்கள் சொல்லும் விடை இதுதான்.

ஆனால் இந்த விடை, ஆறு கண்ணாடிபோல் அசையாமல் இருக்கும், ஆட்களும் மணல் மூட்டைபோல் அசையாமல் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்கிறது. ஆறும் அசையும், ஆளும் அசைவார். ஆகவே 'மிதக்குமா?' என்பதோடு, 'சாய்ந்தால் நிமிருமா?' என்றும் கேட்டாக வேண்டும்.

ஓடத்தின்மேல் இரண்டு விசைகள் செயற்படுகின்றன. ஓடமும் ஆட்களும் சேர்ந்த மொத்த எடை ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி அழுத்துகிறது. நீரின் மிதப்பு விசை, அமிழ்ந்துள்ள பகுதியின் மையத்தின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. ஓடம் வலப்புறம் சாய்ந்தால் வலப்புறத்தில் அதிகப் பகுதி அமிழ்கிறது. ஆகவே மிதப்பு விசையும் வலப்புறம் நகர்ந்து, சாய்ந்த பக்கத்தைத் தூக்கி நிமிர்த்தப் பார்க்கிறது. இவ்விசையின் கோடு ஓடத்தின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு 'மெட்டாசென்டர்' என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகேர் 1746ஆம் ஆண்டு வெளியிட்ட கப்பல் நூலில் இதனை விளக்கினார். ஈர்ப்பு மையம் இப்புள்ளிக்குக் கீழே இருந்தால் ஓடம் நிமிரும். மேலே போய்விட்டால் கவிழும். ஊஞ்சலைத் தொங்கவிட்ட ஆணியைப்போல அப்புள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். கனம் ஆணிக்குக் கீழே உள்ள வரையில்தான் ஊஞ்சல் தன் நிலைக்குத் திரும்பும்.

பெட்டி வடிவ ஓடத்தில், மிதப்பு மையத்திலிருந்து இப்புள்ளி எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை எளிதில் கணக்கிடலாம். அகலத்தின் வர்க்கத்தை, அமிழ்ந்த ஆழத்தின் 12 மடங்கால் வகுத்தால் போதும். இந்தச் சிறு வாய்பாட்டில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, அகலம் இரு மடங்கானால் இவ்வுயரம் நான்கு மடங்காகும். வண்டியையும் மாட்டையும் கடத்த இரண்டு ஓடங்களைச் சேர்த்துக் கட்டியதன் இரகசியம் இதுவே. இரண்டாவது, ஓடம் அமிழ அமிழ இவ்வுயரம் குறைந்துகொண்டே போகும். அதாவது பாரம் ஏறும்போது விளிம்பு நீரை நெருங்குகிறது. நிமிரும் ஆற்றலின் ஆணியும் கீழே இறங்குகிறது.

நம் ஓடத்தில் இதைப் போட்டுப் பார்ப்போம். ஓடத்தின் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 20 செ.மீ., உட்கார்ந்திருப்பவரின் ஈர்ப்பு மையம் 55 செ.மீ., நிற்பவருடையது 1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம்.

20 பேர் உட்கார்ந்து செல்கிறார்கள். ஓடம் 22 செ.மீ. அமிழ்ந்திருக்கும், 23 செ.மீ. விளிம்பு மேலே தெரியும். ஆணி 96 செ.மீ. உயரத்தில், ஈர்ப்பு மையம் 45 செ.மீ. உயரத்தில். நல்ல இடைவெளி. விளிம்பை நீருக்குள் அழுத்த வேண்டுமானால் ஏறக்குறைய 4 பேர் ஒரே நேரத்தில் ஒரு பக்கமாக ஒரு மீட்டர் நகர வேண்டும்.

30 பேர் உட்கார்ந்தால்? 30 செ.மீ. அமிழும், விளிம்பு 15 செ.மீ. தான் மிஞ்சும். இப்போது 2 பேர் ஒரு மீட்டர் நகர்ந்தாலே விளிம்பு நீரைத் தொட்டுவிடும்.

அந்த 30 பேரும் இடமில்லாமல் நின்றால்? ஆணி 77 செ.மீ. உயரத்தில் இருக்கிறது; ஈர்ப்பு மையமோ 84 செ.மீட்டருக்கு ஏறிவிட்டது. இனி எவரும் நகர வேண்டியதில்லை. ஒரு சிற்றலை போதும். ஓடம் தானே கவிழும். 48 பேரைத் 'தாங்கும்' என்று நாம் கண்ட அதே ஓடம்தான் இது!

"உட்காருங்கள், உட்காருங்கள்" என்று ஓடக்காரர் அதட்டுவது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அவர் ஈர்ப்பு மையத்தைக் கீழே இறக்குகிறார்.

இக்கணக்கு தெரியாமல் அரசர்களே ஏமாந்ததுண்டு. சுவீடன் அரசரின் போர்க்கப்பல் 'வாசா' 1628ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறையிலிருந்து புறப்பட்டது. 1,300 மீட்டர் தூரமே சென்றது; ஒரு காற்று வீசியதும் சாய்ந்து மூழ்கிற்று. மேல்தளங்களில் பீரங்கிகளின் பாரம் மிகுதி. புறப்படுமுன் 30 பேரைத் தளத்தில் இப்புறமும் அப்புறமுமாக ஓடவிட்டுச் சோதித்திருந்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு மூன்றாம் ஓட்டத்தோடு சோதனையை நிறுத்திவிட்டார்கள், கப்பலை நிறுத்தவில்லை.

ஏலமும் விதியும்

ஓடக்காரர் அறிந்திருந்தும் ஓடங்கள் ஏன் கவிழ்ந்தன? விடையைத் துறையின் வரலாற்றில் தேட வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1890ஆம் ஆண்டு கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் சட்டம் இயற்றப்பட்டது. துறைகளை ஒழுங்குபடுத்தவும் கட்டணம் வசூலிக்கவும் அது வழிசெய்தது. ஓடத்துறையை ஆண்டுக் குத்தகைக்கு ஏலம் விடுவது வழக்கமாயிற்று. விடுதலைக்குப் பின் பல துறைகள் ஊராட்சி அமைப்புகளின் பொறுப்பில் வந்தபோதும் இம்முறை தொடர்ந்தது. ஏலம் எடுத்தவர் கட்டிய பணத்தை மீட்க வேண்டும். ஒரு நடை கடக்க ஆகும் நேரம் 10 பேருக்கும் 30 பேருக்கும் ஏறக்குறைய ஒன்றே, கூலியோ மும்மடங்கு. இங்கேதான் 'போதும்' என்னும் சொல் வலுவிழந்தது. கழியைப் பிடித்தவர் ஒருவர். காசை எண்ணியவர் வேறொருவர். கரையில் நின்றவர்களும் பொறுமையாக இல்லை. திருவிழா நாளிலும் சந்தை நாளிலும் அடுத்த நடைக்குக் காத்திருக்க யாருக்கு மனம் வரும்?

கடலில் இதே சிக்கலைத் தீர்த்தது ஒரு கோடு. பாரம் மிகுந்த கப்பல்களில் மாலுமிகள் மடிவதைக் கண்டு சாமுவேல் பிளிம்சால் என்னும் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர் போராடினார். 1876ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கப்பலின் பக்கத்தில் பாரக்கோடு வரைவது கட்டாயமாயிற்று. ஆயினும் அதை எந்த உயரத்தில் வரைவது என்பது கப்பல் உரிமையாளர் விருப்பத்திற்கு விடப்பட்டது! 1890ஆம் ஆண்டில்தான் கோட்டின் இடத்தையும் சட்டம் வரையறுத்தது. ஒன்றைக் கவனியுங்கள். நம் ஓடத்துறைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான்.

அந்தக் கோட்டில் ஆற்று நீருக்கு ஓர் அடையாளமும் கடல் நீருக்கு வேறோர் அடையாளமும் உண்டு. ஒரு லிட்டர் ஆற்று நீரின் நிறை 1 கிலோகிராம். கடல் நீருக்கு ஏறத்தாழ 1.025 கிலோகிராம். ஆகவே அதே பாரத்தோடு ஒரு படகு கடல் நீரில் சற்று உயர்ந்தும் ஆற்று நீரில் சற்றுத் தாழ்ந்தும் மிதக்கும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வேறுபாடு நிகழ்ந்துகொண்டே இருக்கிறது. நம் சிறிய ஓடத்திற்கு இது அரை சென்டிமீட்டர்தான். பெரிய கப்பலுக்கு அது பொருட்படுத்த வேண்டிய அளவு.

சிறிய படகுகள் நெடுங்காலம் கோடின்றியே ஓடின. 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரத்தால் இயங்குபவற்றை மட்டுமே கருதியது. துடுப்பாலும் கழியாலும் செல்லும் கலங்களையும் பதிவுக்குள் கொண்டுவந்தது 2021ஆம் ஆண்டின் புதிய சட்டமே.

இடையில் நாம் கொடுத்த விலை பெரிது. 1924ஆம் ஆண்டு சனவரியில் கேரளத்தின் பல்லனையில் 'ரிடீமர்' என்னும் பயணிகள் படகு கவிழ்ந்தது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் அதில் உயிரிழந்தார். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டது அப்போது பேசப்பட்ட காரணங்களுள் ஒன்று. 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மூழ்கினர். இந்தப் படகுகள் ஒரே வகையல்ல. சில பெரியவை, சில இயந்திரத்தால் ஓடியவை. ஆனால் நீர் எந்தப் படகையும் ஒரே விதியால்தான் அளக்கிறது.

பாலங்கள் வந்த பின்

கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் அணைக்கரையில் கீழணையைக் கட்டினார். பாசனத்திற்காகக் கட்டிய அணை சாலைக்கும் வழிவிட்டது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சிதம்பரத்தின் தெற்கே இருப்புப்பாதைப் பாலமும் வந்தது. பின்னர்ச் சாலைப் பாலங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. பாலம் எழுந்த இடத்தில் ஓடத்துறை மறைந்தது. இதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்கு ஓடத்தைவிடப் பாலமே உற்ற துணை.

ஆனால் ஓடத்தின் தேவை முற்றிலும் மறைந்துவிட்டதா? 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, கிள்ளைக்கு அருகே கழிகளுக்கும் கடலுக்கும் இடையில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, பில்லுமேடு, சின்னவாய்க்கால் ஆகிய குடியிருப்புகளின் மக்கள் உயிரிழப்புக்கு ஆளாயினர். நிலத்திற்கு வர அவர்களுக்குப் படகையன்றி வழியில்லை. பிழைத்தவர்கள் பின்னர் இக்கரையில் குடியமர்த்தப்பட்டார்கள். 2022 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வினாடிக்கு 2 இலட்சம் கன அடிக்கு மேல் நீர் பெருகியபோது, திட்டுக்காட்டூர், கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம் ஆகிய ஊர்களை வெள்ளம் சூழ்ந்தது. மக்களைக் கரைசேர்க்க மீண்டும் படகுகளே வந்தன. 'அக்கரை' என்னும் பெயர் வெறும் பழம்பெயர் அன்று என்பதை ஆறு நமக்கு நினைவூட்டியது.

வெள்ளத்தில் வரும் படகில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஓடத்தில் வளர்ந்தவர்கள் அல்லர், பாலத்தில் வளர்ந்தவர்கள். உட்கார வேண்டும், விளிம்பைப் பார்க்க வேண்டும், ஒரே பக்கம் திரும்பக் கூடாது என்பன அவர்களுக்கு யாரும் சொல்லித்தராதவை. ஓடக்காரருடைய பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஒரு துறை மூடப்படும்போது ஒரு மரக்கலத்தோடு, பல தலைமுறை கண்ணால் அளந்து சேர்த்த அறிவும் கரையேறிப் போய்விடுகிறது. அந்த அறிவைப் பாடப்புத்தகத்திற்குள் கொண்டுவருவது நம் கடமை. ஆர்க்கிமிடீஸ் விதியைக் கற்பிக்கும் அன்றே, அது மட்டும் போதாது என்பதையும் கற்பிக்க வேண்டும்.

நீங்களே வீட்டில் சோதித்துப் பாருங்கள். ஓர் அகன்ற தொட்டியில் தட்டையான தகரப் பெட்டி ஒன்றை மிதக்கவிடுங்கள். சிறு கற்களை அடியில் பரப்பி எண்ணுங்கள். பிறகு அதே எண்ணிக்கைக் கற்களை நடுவில் கோபுரமாக அடுக்கி, விரலால் மெல்லத் தொடுங்கள். எடை மாறவில்லை, வெளியேறிய நீரும் மாறவில்லை. ஆனால் பெட்டியின் கதி மாறியிருக்கும்.

அடுத்த முறை பிச்சாவரத்திலோ வேறெங்கோ படகில் ஏறும்போது, ஏறிய உடனே விளிம்பைப் பாருங்கள். நீருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் இல்லையென்றால், நமக்கு முன்னே ஏறியவர்கள் எத்தனை பேராயினும், நாம் இறங்கி அடுத்த நடைக்குக் காத்திருப்போம். படகோட்டி 'போதும்' என்று கையை உயர்த்தினால் அவரோடு வாதாடாதிருப்போம். 48 என்பது தாளில் வந்த விடை. அவர் சொல்லும் 20தான் நம்மை அக்கரை சேர்க்கும் விடை.